அம்மி கொத்தலையோ... பல்லாவரம் மலையடியில் ஒரு வெள்ளிக்கிழமை!

தாம்பரத்தில் பீச் ரயில் ஏறினால் சானடோரியம், குரோம்பேட்டை, அடுத்தது பல்லாவரம். கதவோரம் நின்று நாலு போன் மெசேஜ் பார்ப்பதற்குள் இறங்க வேண்டிய இடம் வந்துவிடும். மற்ற நாள்களில் இந்த ரயிலில் ஆபீஸ் பைகள்தான் அதிகம். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் மடித்து இடுக்கிய வெறும் கோணிப்பையோடு சிலர் ஏறுவார்கள். அவர்கள் பின்னாலேயே போனால் போதும், வழி கேட்கத் தேவையில்லை. பல்லாவரம் சந்தை வந்துவிடும்.

பழைய டிரங்க் ரோட்டில் கூடுகிற இந்தச் சந்தையில் என்ன கிடைக்கும் என்று கேட்பதைவிட, என்ன கிடைக்காது என்று கேட்பது சுலபம். ரோஜாச் செடி, கூண்டுப் புறா, பழைய கம்ப்யூட்டர் போர்டு, துருப்பிடித்த ஸ்பேனர், யாரோ வீடு மாறியபோது கழித்துவிட்ட கட்டில், ஒரு பக்க ஸ்பீக்கர். இந்தக் குவியல்களுக்கு நடுவே சில வாரங்களில் ஒரு பழைய அம்மியும் கிடக்கும். பக்கத்திலேயே அதற்குச் சம்பந்தமே இல்லாத ஒரு குழவி.

பேரம் பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

"எங்க பாட்டி வீட்டுக் கல்லு மாதிரியே இருக்கேப்பா. என்ன விலை?"

"விலையை விடுங்கம்மா. தொட்டுப் பாருங்க, எவ்ளோ வழவழன்னு இருக்கு!"

"வழவழன்னு இருந்தா எனக்கு எதுக்குப்பா? கொத்து எங்க?"

"கொத்துறவங்க இப்ப எங்கம்மா வர்றாங்க? வாங்கிட்டுப் போயி நீங்களே கொத்திக்க வேண்டியதுதான்."

வியாபாரி பேரத்துக்காகச் சொன்னாலும் அந்த அம்மா கேட்டதுதான் நியாயமான கேள்வி. அலங்காரத்துக்கு வாங்குகிறவர்களுக்கு வழவழப்பு அழகு. அரைப்பதற்கு வாங்குகிறவர்களுக்கு அது தேய்ந்துபோன டயர்.

அம்மியின் முகத்தில் உளியால் நெருக்கமாகப் போடுகிற சின்னச் சின்னக் குழிகளுக்குத்தான் கொத்து என்று பெயர். காய்ந்த மிளகாயை வைத்துக் குழவியை இழுக்கும்போது, மிளகாய் வழுக்கி ஓடாமல் அந்தக் குழிகள் பிடித்துக்கொள்ளும். குழியின் விளிம்பு ஒவ்வொன்றும் ஒரு சின்னக் கத்தி. நூற்றுக்கணக்கான கத்திகள் சேர்ந்து தோலைக் கிழித்து, விதையை நசுக்கித் தருகின்றன. கொத்து தேய்ந்த அம்மியில் அதே மிளகாய் சிவப்புத் தோல் தோலாக மிதக்கும். கை வலிக்கும், துவையல் வராது. ஆட்டுக்கல்லிலும் இதே கதைதான். கொத்து இல்லாத கல்லில் அரிசி அரைபட நேரம் பிடிக்கும். நேரம் கூடக் கூட மாவு சூடேறும். கிரைண்டர் வைத்திருப்பவர்கள் சிரிக்க வேண்டாம். உள்ளே சுற்றுவதும் கல்தான், அதற்கும் கொத்து தேயும். 'முன்ன மாதிரி மாவு பொங்கலையே' என்று உளுந்தைத் திட்டுகிற வீடுகளில் சில நேரம் குற்றவாளி கல்தான்.

ஒரு காலத்தில் இதற்கெல்லாம் கவலைப்பட வேண்டியதில்லை. மத்தியானம் சாப்பாடு முடிந்து தெரு அசந்திருக்கும் நேரத்தில், "அம்மி கொத்தலையோ... ஆட்டுக்கல் கொத்தலையோ..." என்று ஒரு குரல் வரும். தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பம்மல் என்று ஓட்டு வீடும் கிணறுமாக இருந்த தெருக்களில் பிறந்தவர்களுக்கு அந்தக் குரலின் இழுப்பு இன்னும் காதில் இருக்கும். தோளில் ஒரு துணிப்பை, அதில் ஒரு சுத்தியல், நாலைந்து உளி. கொத்துகிறவரின் மொத்தத் தொழிற்சாலையும் அவ்வளவுதான். பெண்களும் இந்த வேலைக்கு வருவார்கள். வேப்பமர நிழலில் சாக்கை விரித்து உட்கார்ந்து, டக் டக் டக் என்று ஆரம்பித்தால், சுற்றி நிற்கிற பிள்ளைகளைப் பாட்டிகள் விரட்டுவார்கள். "தள்ளி நில்லுடா, கண்ணுல தெறிக்கும்!" வேலை முடிந்ததும், கேட்காமலேயே ஓரத்தில் ஒரு பூவோ மீனோ கொத்திவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அதற்குக் கூலி கிடையாது. ஒரு சொம்பு மோர் கிடைத்திருக்கலாம்.

அந்த உளிக்கு இந்த ஊரில் பஞ்சம் வந்ததே இல்லை. காரணம், ஸ்டேஷனில் இறங்கி நிமிர்ந்து பார்த்தாலே தெரிகிற மலை.

பரங்கிமலையிலிருந்து திரிசூலம், பல்லாவரம், பம்மல் என்று விட்டு விட்டுத் தலைகாட்டும் இந்தக் குன்றுகளின் கல்லுக்கு உலகம் முழுக்க ஒரே பெயர், சார்னோகைட். கல் நம் ஊர்க் கல், பெயர் கொல்கத்தாவிலிருந்து வந்தது. அங்கே 1693-ல் இறந்த ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்திய கம்பெனி அதிகாரியின் கல்லறையில் வைத்த கருங்கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனதாகக் கருதப்படுகிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்ட், 1893-ல் அந்தக் கல்லை ஆராய்ந்து, செத்தவர் பெயரையே கல்லுக்கு வைத்துவிட்டார். பல்லாவரத்துக்காரர்கள் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் 'பல்லாவரைட்' என்று வைக்கச் சொல்லியிருப்பார்கள்! இப்போது இங்குள்ள சார்னோகைட் பாறை, தேசியப் புவியியல் நினைவுச்சின்னங்களில் ஒன்று. விமானம் பிடிக்கும் அவசரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டில் பறக்கிற யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், ஹைபர்ஸ்தீன் என்ற மூன்றும் முக்கியமாகச் சேர்ந்த, சுமார் 250 கோடி ஆண்டுப் பழைய பாறை இது. உடைத்த இடத்தில் எண்ணெய் தடவியதுபோலக் கரும்பச்சையாக மினுங்கும். கடினம் என்றால் அப்படியொரு கடினம். இதில் கொத்து போட்டால் சீக்கிரம் தேயாது. ஆனால் போடுகிற உளியின் முனை சீக்கிரம் மழுங்கிவிடும். கொல்லுப்பட்டறையில் காய்ச்சி, அடித்து, தண்ணீரில் தோய்த்துப் பதம் ஏற்றினால்தான் அடுத்த நாளைக்கு வேலை செய்யும். கொத்துகிறவர் பையில் ஏன் நாலைந்து உளி இருந்தது என்பதற்குக் காரணம் இதுதான்.

இந்த மலையோடு மல்லுக்கட்டியவர்களில் ஒரு ராஜாவும் உண்டு. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் பல்லாவரத்துக் குன்றில் ஒரு குடைவரைக் கோயில் வெட்டினான். தூண்களின் மேலே தன் பட்டப்பெயர்களை வரிசையாகப் பொறித்தும் வைத்தான். இன்று அந்தக் குடைவரை முஸ்லிம்கள் வழிபடும் தர்காவாக இருக்கிறது. டைனமைட்டும் டிரில்லும் இல்லாத காலத்தில், உளியால் புள்ளி புள்ளியாகத் தகர்த்துத்தான் அந்த மண்டபத்தைக் குடைந்திருக்க வேண்டும்.

அதற்கும் பல லட்சம் வருஷம் முன்னால் போக வேண்டுமென்றால், மலையை விட்டுக் கீழே இறங்க வேண்டும். 1863 மே 30. அக்னி நட்சத்திரம் முடிந்திருந்தாலும் பல்லாவரத்து வெயில் எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற 28 வயது ஆங்கிலேயப் புவியியலாளர், ராணுவ மைதானத்தை ஒட்டிய ஒரு சரளைப் பள்ளத்தில், மனிதக் கை வேலை தெரிந்த ஒரு கல்லை எடுத்தார். பழைய கற்காலக் கருவி. இந்தியாவில் அப்படி அடையாளம் காணப்பட்டவற்றில் அதுதான் முதல். அதே ஆண்டு செப்டம்பரில் திருவள்ளூர் பக்கம் அத்திரம்பாக்கத்தில் ஃபூட்டும் அவர் சகா வில்லியம் கிங்கும் மேலும் கருவிகளைக் கண்டெடுத்தார்கள். அத்திரம்பாக்கத்துக் கைக்கோடரிகளுக்கு 15 லட்சம் வருஷ வயது என்று 2011-ல் நவீன ஆய்வு சொன்னது. ஃபூட் சேகரித்தவற்றை எழும்பூர் அருங்காட்சியகம் 1904-ல் விலை கொடுத்து வாங்கிக்கொண்டது. அந்தக் காலக் கைக்கோடரிகள் பலவற்றில் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. வெட்டுகிற முனையை மட்டும் செதுக்கிக் கூராக்கிவிட்டு, உள்ளங்கையில் உட்காரும் அடிப்பக்கத்தில் கூழாங்கல்லின் பழைய தோலை அப்படியே விட்டிருப்பார்கள். அங்கே தேவைப்பட்டது கையை அறுக்காத பிடி. அம்மிக்குத் தேவைப்படுவது மிளகாயை விடாத பிடி. எங்கே வழவழப்பு வேண்டும், எங்கே சொரசொரப்பு வேண்டும் என்ற கணக்கு இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல.

பல்லாவரமும் பரங்கிமலையும் கன்டோன்மென்ட் ஊர்கள். ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையம் 1963 முதல் பரங்கிமலையில் இருக்கிறது. சீருடையும் துப்பாக்கியும் இங்கே புதிய காட்சியில்லை. அந்தத் துப்பாக்கியின் பிடியிலும் ஒரு கொத்து உண்டு! வியர்த்த கை வழுக்கக் கூடாது என்பதற்காக, மரப்பிடி இருந்த நாள்களில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கீறினார்கள். 1982-ல் ஆஸ்திரிய ராணுவம் க்ளாக் கைத்துப்பாக்கியை ஏற்றுக்கொண்ட பிறகு, பிளாஸ்டிக் வகையான பாலிமர் பிடி உலகமெங்கும் பரவியது. அமெரிக்கா மாதிரி நாடுகளில், வாங்கிய பிடி தன் கைக்குப் போதவில்லை என்று நினைப்பவர்கள், சால்டரிங் அயர்ன் முனையைச் சூடாக்கி, வீட்டு மேஜையிலேயே புள்ளி புள்ளியாகச் சுட்டு அதைச் சொரசொரப்பாக்கிக்கொள்கிறார்கள். ஸ்டிப்ளிங் என்று அதற்குப் பெயர். 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியே வைத்துக்கொள்ள முடியாத நம் நாட்டில் அது யாருக்கும் பொழுதுபோக்கு ஆகவில்லை, ஆகாததே நல்லது. ஆனால் அந்த வேலையின் பயம் அம்மிக்காரருக்கு நன்றாகப் புரியும். தப்பாக வைத்த புள்ளியை அழிக்க முடியாது. சுட்ட பிளாஸ்டிக்கும் தெறித்த கல்லும் திரும்ப ஒட்டாது.

துப்பாக்கி வேண்டாம் என்றால் எவர்சில்வர் இருக்கிறது. மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலைப் பக்கம் குடமோ தூக்கோ வாங்கினால், 'பேர் வெட்டணுமா?' என்று கேட்பார்கள். இப்போது அதிர்கிற மிஷின் பேனாவால் எழுதித் தருகிறார்கள். முன்பு சின்ன உளியும் சுத்தியலும்தான். கல்யாணச் சீர் பாத்திரம் வீட்டில் இருந்தால் அடியில் திருப்பிப் பாருங்கள். பெண்ணின் பெயர், இனிஷியல், தேதி எல்லாமே புள்ளிகள்.

அம்மி கொத்துகிறவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டால், மிக்ஸி வந்தது என்பதுதான் எல்லோரும் சொல்லும் பதில். அது பாதிதான். மீதிப் பாதி மலையில் இருக்கிறது.

பல்லாவரம், பம்மல், திரிசூலம், கீழ்க்கட்டளை, நன்மங்கலம் என்று இந்தப் பக்கம் முழுக்கக் கல்குவாரிகள் இருந்தன. சென்னை வளர வளரச் சாலைக்கும் கட்டடத்துக்கும் ஜல்லி கேட்டது. குடும்பம் குடும்பமாகக் கல்லுடைத்தார்கள். ஊர் குவாரி வாசலுக்கே வந்து சேர்ந்ததும் குவாரிகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. உளி பிடித்த கைகள் வேறு வேலைக்குப் போயின. அடுத்த தலைமுறைக்கு அந்தத் தொழிலைச் சொல்லிக்கொடுக்க யாருக்கும் ஆசையும் இல்லை. அதில் தவறு சொல்லவும் முடியாது. மலை இருந்த இடத்தில் இப்போது பச்சைத் தண்ணீர் தேங்கிய பள்ளங்கள். மாங்காடு பக்கம் சிக்கராயபுரம் குவாரிகளில் தேங்கியிருந்த தண்ணீரைத்தான் 2017 வறட்சியில் சுத்திகரித்துச் சென்னைக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். மேடவாக்கம் போகிற வழியில், நன்மங்கலம் காப்புக்காட்டுக்குள் கைவிட்ட குவாரியின் செங்குத்துச் சுவரில் கொம்பன் ஆந்தை கூடு வைக்கிறது. பார்க்க அழகாக இருக்கிறதென்று பிள்ளைகளை இந்தப் பள்ளங்களில் குளிக்க மட்டும் விடாதீர்கள். படிப்படியாக ஆழம் கூடுகிற ஏரி அல்ல இது. காலடியிலேயே பாதாளம்.

சரி, சந்தையில் அம்மி வாங்கியாகிவிட்டது. வியாபாரி சொன்னபடி நாமே கொத்திக்கொள்ள முடியுமா? முடியும். பொறுமை இருந்தால்.

முதல் வேலை கல்லைக் கழுவுவதல்ல, அதை ஆடாமல் உட்காரவைப்பது. அடியில் ஈரச் சாக்கை நாலாக மடித்துப் போட்டாலே போதும். ஆடுகிற கல்லில் அடித்தால் புள்ளிக்குப் பதில் சில்லு பெயரும். இரண்டாவது, முனை கூரான இரும்பு உளி. மரத்தச்சர் வைத்திருக்கும் பட்டை உளி இதற்கு ஆகாது. அதே சந்தையில் ஸ்பேனர் குவியலுக்குள் கை விட்டால் கல் உளி கிடைத்தாலும் கிடைக்கும்.

உளியை நேராக, கல்லுக்குச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். சாய்த்தால் கல் இலை இலையாகப் பெயர்ந்துவிடும். சுத்தியலை ஓங்காமல், மணிக்கட்டை மட்டும் ஆட்டி ஒரே பலத்தில் தட்ட வேண்டும். ஒரு கடுகு விழுந்தால் உருளாமல் நிற்கிற அளவுக்குக் குழி இருந்தால் போதும். ஆழமாகப் போட்டால் நாள்பட உழைக்கும் என்று ஆசைப்படக் கூடாது. அரைத்தது முழுக்கக் குழிக்குள் உட்கார்ந்துகொள்ளும், கழுவவும் வராது. ஒரு மூலையில் ஆரம்பித்து வரிசை வரிசையாகப் போக வேண்டும். அடுத்த வரிசையின் புள்ளி, முந்தைய வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் விழ வேண்டும். மார்கழிக் கோலத்தில் இடுக்குப் புள்ளி வைத்துப் பழகியவர்களுக்கு இது தனியாகச் சொல்லித்தரத் தேவையில்லை. குழவிக்கும் இலேசாக ஒரு கொத்து வேண்டும். அம்மியைவிட நெருக்கமாக, அதைவிட மேலோட்டமாக.

இதில் அவசரப்படவே கூடாத இடம் ஒன்று இருக்கிறது. தூசி.

பல்லாவரத்திலிருந்து தாம்பரம் திரும்பும்போது, குரோம்பேட்டைக்கு அடுத்த ஸ்டேஷனின் பெயரே சானடோரியம். 1928-ல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து இங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனைதான் அந்தப் பெயருக்குக் காரணம். இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. கருங்கல்லில் குவார்ட்ஸ் இருக்கிறது. அதன் நுண்தூசியை வருஷக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் இறுகிப்போகும் சிலிகோசிஸ் வரும். அது வந்தவர்களைக் காசநோய் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். கல்லுடைத்த ஊருக்கும் நெஞ்சு மருத்துவமனைக்கும் நடுவே இரண்டே ஸ்டேஷன். இந்த ரயில் பாதையைப் போட்டவர்கள் அப்படி நினைத்துப் போடவில்லைதான்.

வாழ்க்கையில் ஒரே ஒரு அம்மி கொத்துகிறவருக்கு அந்த அளவு ஆபத்து இல்லை. என்றாலும் அறைக்குள் வேண்டாம், மொட்டைமாடியில் உட்காருங்கள். கல்லை நனைத்து நனைத்துக் கொத்துங்கள், தூசி எழாது. கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு மாஸ்க் கட்டாயம். பாட்டி சொன்ன 'தள்ளி நில்லுடா' பிள்ளைகளுக்கு இன்றைக்கும் பொருந்தும்.

கொத்தி முடித்ததும் உடனே சட்னிக்குத் தேங்காயை எடுத்து வைத்துவிடாதீர்கள். பொடிக்கல் உதிர்ந்துகொண்டே இருக்கும். தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவி, தவிடும் கல்லுப்பும் வைத்து அரைத்து வழித்துக் கொட்ட வேண்டும். அடுத்து ஒரு பிடி ஊறவைத்த அரிசி. முதல் தடவை மாவு சாம்பல் நிறத்தில் வரும். அதையும் கொட்டுங்கள். மூன்றாவது, நான்காவது தடவை வெள்ளையாக வரும்போது ஒரு துளியை விரல் நுனிகளுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்றால் இன்னொரு பிடி அரிசி. இந்த மாவைக் காக்கைக்கும் வைக்கக் கூடாது என்பார்கள், அதற்கும் பல் இல்லாவிட்டாலும்!

அபார்ட்மென்ட்டில் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு வேலை உண்டு. கீழ் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரு அம்மி கொத்த ஒரு மத்தியானம் முழுக்க ஆகும். டக் டக் சத்தம் கான்கிரீட்டில் இறங்கி மூன்றாவது வீடு வரை கேட்கும். சண்டைக்கு வருகிறார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அறுபது வயதைத் தாண்டியவராக இருந்தால், வந்தவர் சுத்தியலைக் கையில் வாங்கி, "இப்படிப் பிடிக்கக் கூடாதும்மா, நகருங்க" என்று உட்கார்ந்துவிடவும் வாய்ப்பு உண்டு.